சேவக் சார்: எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, தாண்டிக்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சாவடியில் நாற்பது ஐம்பது பேர் கூடுவோம். கீழ்ப்பழனி மலையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட கிராம சேவக்காக இருந்து, ஓய்வு பெற்று, பின்னால் காலமான ஒருவரை நினைத்துக்கொள்ளத்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள். திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று வேலைக்குப் போய், பொங்கலுக்கு வந்த கையோடு அதற்கும் இருந்துவிட்டுப் போகிறவர்கள். ஒவ்வொரு வருடமும் அதே கேள்விகள்தான். டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிவதில்லை. அதனால் இந்த முறை எழுதியே வைத்துவிட்டேன்.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இந்த ஊரிலேயே பிறந்தவள். என் நினைவில் உள்ளதும், அவர் வீட்டார் எனக்குப் படிக்கக் கொடுத்த டைரிகளில் உள்ளதும்தான் இதில் இருக்கின்றன.

கிராம சேவக் என்றால் என்ன? அரசாங்க வேலையா, தொண்டா?

அரசாங்க வேலைதான். சம்பளம், பென்ஷன் எல்லாம் உண்டு. 'சேவக்' என்ற பெயரைக் கேட்டுவிட்டு அவர் கூலி வாங்காமல் உழைத்தவர் என்று மேடையில் பேசுகிறார்கள்; அது சரியில்லை. மாசம் பிறந்தால் சம்பளத்துக்கு அவரும் நம்மைப் போலத்தான் காத்திருப்பார்.

1952 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று நாடு முழுக்க 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு திட்டத்துக்கு ஏறத்தாழ 300 கிராமம், 2 லட்சம் மக்கள். அதை மூன்று பிளாக்காகப் பிரித்து, கடைசியில் ஐந்து ஊருக்கு ஒரு ஆள் என்று போட்டார்கள். அந்தக் கடைசி ஆள்தான் கிராம சேவக். அடுத்த வருடமே தேசிய விரிவாக்கப் பணி என்று ஒன்று வந்து, பத்து ஊருக்கு ஒருவர் என்றாயிற்று. இதற்கு முன்னோட்டம் 1948-இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் நடந்தது. விவசாயத்துக்கு ஒருவர், மாட்டுக்கு ஒருவர், சுகாதாரத்துக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு வந்து ஒரே வாசலில் நின்றால் சம்சாரி யாரிடம் பேசுவான்? எல்லாத் துறைக்கும் சேர்த்து ஊருக்குத் தெரிந்த ஒரே முகம் இருக்கட்டும் என்பதுதான் யோசனை.

யோசனை நல்லதுதான். ஆனால் எல்லாத் துறையின் வேலையும் ஒரே தலையில் விழுந்தது. விதை, உரம், எருக்குழி, உறிஞ்சுகுழி, புகையில்லா அடுப்பு, சிறுசேமிப்பு, முதியோர் கல்வி, குடும்பக் கட்டுப்பாடு, கிணற்றுக் கடன் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். எங்கள் பக்கம் கிணறு வெட்டுகிறவர் யாரும் கிடையாது, ஊற்றுத் தண்ணீர்தான். ஆனாலும் கிணற்றுக் கடன் படிவம் மட்டும் வருடா வருடம் கட்டுக் கட்டாக வந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று அதை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவார். நான் வகுத்தல் கணக்குப் பழகியது கிணற்றுக் கடன் தாளில்தான்.

விஏஓவும் கிராம சேவக்கும் ஒன்றா?

இல்லை. நிலம், வரி, சான்றிதழ் எல்லாம் வருவாய்த் துறை. முன்பு கர்ணமும் முன்சீப்பும் பரம்பரையாகப் பார்த்த வேலை அது. 1980-இல் அந்தப் பதவிகளை எடுத்துவிட்ட பிறகு வந்தவர்கள்தான் விஏஓ. சேவக் பஞ்சாயத்து யூனியனைச் சேர்ந்தவர். நம்மிடம் வரி கேட்க மாட்டார், பட்டா தர மாட்டார். கையில் அதிகாரம் என்று ஒன்றும் கிடையாது. 1980-களில் விவசாயத்தைத் தனியாகப் பிரித்தபோது அவர் அந்தப் பக்கம் போனார், பதவியின் பெயரும் உதவி வேளாண்மை அலுவலர் என்று மாறியது. அவ்வளவு நீளத்தை எங்கள் ஊரில் யார் சொல்வார்? கடைசி வரை சேவக் சார்தான். கிழவிகளுக்கு 'சேவக்குத் தம்பி'.

அவர் பெயரை ஏன் எங்கேயும் போடுவதில்லை?

வீட்டார் வேண்டாம் என்றார்கள். அவரே ஓய்வு பெற்ற அன்று நோட்டீஸ் அடிக்கவிடவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியவும் தெரியாது.

அவர் வேலை பார்த்தது கொடைக்கானலிலா?

யூனியன் ஆபீஸ்தான் கொடைக்கானல். அவருடைய ஊர்கள் எல்லாம் கீழ்மலை.

வெளியூர்க்காரர்களுக்குப் பழனி மலை என்றாலே கொடைக்கானல் ஏரியும் தூண் பாறையும்தான். இங்கே பிறந்தவர்களுக்கு மேல்மலை வேறு, கீழ்மலை வேறு. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் மேல்மலை: குளிர் தேசம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, கே.சி.பட்டி, பாச்சலூர், ஆடலூர், பன்றிமலை எல்லாம் கீழ்மலை: காப்பி, மிளகு, ஆரஞ்சு, சௌசௌ, எல்லாவற்றுக்கும் மேலாக மலைவாழை. மேல்மலைப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரில் ஒரு பெரியவர், "அவங்களுக்குப் பூண்டு, நமக்குப் பழம், குளிருக்குத் தக்க பாக்கியம்" என்றார்.

1985 செப்டம்பரில் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரை நாங்கள் மதுரை மாவட்டம். ஒரு தாளில் பெரிய ஆபீஸ் கையெழுத்து வேண்டுமென்றால் அவர் வத்தலக்குண்டு இறங்கி மதுரை போய் வர வேண்டும். இரண்டு நாள் போய்விடும்.

பஸ் இல்லாத காலத்தில் எப்படி வருவார்?

நடந்துதான். தார்ச்சாலை வந்த ஊர்களுக்குப் பஸ் இருந்தது. மிச்சத்துக்கு ஒற்றையடிப் பாதை, காப்பிக் காட்டுக்குள் குறுக்கு வழி. நீளக் கைப்பிடி வைத்த கறுப்புக் குடை, கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு காக்கிப் பை. மழைக்காலத்தில் புகையிலையும் உப்பும் சேர்த்து ஒரு துணியில் முடிந்து கம்பு நுனியில் கட்டியிருப்பார், அட்டைக்கு. காலில் ஏறின அட்டையை அந்த முடிச்சால் ஒரு தொடு தொட்டால் சுருண்டு விழும். எங்களுக்கு அவர் வருகிறார் என்றாலே அந்த வேடிக்கையைப் பார்க்கத்தான் ஆசை.

மட்டக்குதிரை ஏன் ஏறவில்லை என்று கேட்கிறார்கள். எங்கள் மலையில் பொதி சுமப்பது குதிரைதான். பாதையில்லாத காட்டிலிருந்து வாழைத்தாரும் சௌசௌ மூட்டையும் அதன் முதுகில்தான் சாலைக்கு வரும். சுமை இறக்கிவிட்டுச் சும்மா திரும்புகிற குதிரையில் ஏறிக்கொள்ளச் சொல்லிப் பலர் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் மறுத்ததற்கு ஜீவகாருண்யம் காரணம் என்று போன வருடம் ஒரு தம்பி பேசினார். அதெல்லாம் இல்லை. ஒரு முறை ஏறி விழுந்தார், அன்றிலிருந்து பயம்.

வாழைத் தோட்டங்களை வெட்டவைத்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இதைக் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் வெட்டப்பட்டதில் எங்கள் தோட்டமும் ஒன்று.

எங்கள் மலைவாழை கீழே நடுகிற வாழை மாதிரி வருடத்துக்கு ஒரு முறை நட்டு எடுப்பதில்லை. காப்பிக்கு நடுவே, முருக்கு மர நிழலில், ஒரு தூர் வைத்தால் பக்கக் கன்று விட்டு விட்டு வருடக்கணக்கில் நிற்கும். பழத்தில் நீர்ச்சத்து குறைவு. அதனால்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழைதான் வேண்டும் என்பார்கள்; தண்ணீர் விடாது, சீக்கிரம் கெடாது. வத்தலக்குண்டு மண்டிக்குத் தார் இறங்கினால் வீட்டுக்கு அரிசி ஏறும். தீபாவளி, கல்யாணம், பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அந்தத் தாரில்தான்.

1970-களில் முடிக்கொத்து நோய் வந்தது. கேரளத்தில் 1940 வாக்கிலேயே இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த வைரஸ் நோய் அது. எங்கள் மலைக்கு ஏறியதும் காடு காடாகத் தின்றது. நோய் பிடித்த மரத்தில் புது இலை சிறுத்து, குறுகி, விறைத்துக்கொண்டு மேலேயே கொத்தாக நிற்கும். ஓரம் மஞ்சளாகும், தொட்டால் முறியும். தார் தள்ளாது. அவர் ஒரு இலைக் காம்பை ஒடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அப்பாவுக்குக் காட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக இருந்தது. "தந்தி ஆபீஸ்ல கட்டுக் கடகட்டுன்னு அடிக்கிறாங்கல்ல, அந்தக் குறி. இது வந்திருச்சுன்னா சாவுத் தந்தி" என்றார்.

அந்த நோய்க்கு மருந்து கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு அதைக் கொண்டுபோவது வாழை அசுவினி என்ற சின்னப் பூச்சி. ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது நாம்தான், கன்று வழியாக. சம்பந்தி வீட்டுக்கு நல்ல கன்று என்று நாலு எடுத்துக்கொடுத்தால் நோயும் சீராகப் போகும். ஆகவே ஒரே வழி, நோய் கண்ட தூரைக் கிழங்கோடு தோண்டி எடுத்து அழிப்பது.

அதிலும் ஒரு முறை உண்டு. அப்படியே வெட்டினால் மரத்திலிருக்கும் அசுவினி பக்கத்து மரத்துக்குத் தாவிவிடும். முதலில் குருத்தில் மண்ணெண்ணெய் தெளித்துப் பூச்சியைக் கொல்ல வேண்டும். பிறகு வெட்ட வேண்டும், பிறகு கிழங்கைத் தோண்டித் துண்டு போட வேண்டும். மண்ணெண்ணெய் என்றால் ரேஷன். எங்கள் வீட்டில் அப்போது கரன்ட் இல்லை. விளக்குக்கு வாங்கி வைத்த மண்ணெண்ணெயை வாழைக் குருத்தில் ஊற்றிவிட்டு, அந்த மாதம் மிச்ச நாளெல்லாம் அடுப்பு வெளிச்சத்தில் சாப்பிட்டோம். நோய் கண்ட தூர்களில் சிலவற்றில் ஒரு பக்கம் கொத்துக் கட்டி நிற்கும், மறுபக்கம் பழைய மரம் குலை தள்ளியிருக்கும். அதையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும் என்றார் அவர். குலை வாழையைக் கல்யாண வாசலில் கட்டுவோம். அதைக் கத்தி வைத்து வெட்டியபோது அம்மா தோட்டத்துக்கே வரவில்லை.

வெட்டியதால் நோய் நின்றதா?

இல்லை. அதுதான் சங்கடம்.

அவர் சொன்னது சரி. ஆனால் ஒரு சரிவில் இருக்கிற எல்லாரும் ஒரே சமயத்தில் செய்தால்தான் அது பலிக்கும். எங்கள் அப்பா வெட்டினார், இன்னும் ஏழெட்டுப் பேர் வெட்டினார்கள். மேல்பக்கத்துத் தோட்டக்காரர் வெட்டவில்லை. "தள்ளுற வரைக்கும் தள்ளட்டும்" என்று விட்டுவிட்டார். அவருக்கு இரண்டு வருடம் தார் வந்தது. அந்த இரண்டு வருடமும் அவர் குதிரை எங்கள் வாசல் வழியாகத்தான் தார் சுமந்து போகும். அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு அங்கிருந்து அசுவினி இறங்கி, எங்களிடம் மிச்சமிருந்த நல்ல தூரும் போயிற்று. அவருடையதும் போயிற்று. கடைசியில் வெட்டினவன், வெட்டாதவன் எல்லாரும் ஒன்றுதான். வெட்டினவனுக்கு இரண்டு வருட வருமானம் நஷ்டம்.

இதை அவருடைய நினைவு நாளில் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சொல்லாமல் விட்டால் அவர் செய்தது என்ன என்பதே புரியாது.

உங்கள் அப்பா அவரோடு பேசவே மாட்டாராமே?

நாலு வருடம் பேசவில்லை. சேவக் சார் பதினைந்து நாளுக்கு ஒரு முறை எங்கள் ஊருக்கு வருவார். கணக்காக எங்கள் வாசலிலும் வந்து நிற்பார். அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். முதல் இரண்டு மூன்று முறை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது.

"பாப்பா, அப்பாகிட்டச் சொல்லு. வாழையை நம்பி உக்கார வேண்டாம். முருக்கு மரத்துல மிளகுக் கொடி ஏத்தச் சொல்லு."

அப்பா இரண்டு முழத் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். எல்லாம் காதில் விழும். ஆனாலும் நான் போய்த் திரும்பச் சொல்ல வேண்டும். "மொளகு வாடிப் போச்சுன்னா என்ன செய்றதுன்னு கேளு" என்பார் அப்பா சுவரைப் பார்த்து. நான் திரும்பிக் கேட்பேன். இப்படித்தான் போர்டோ கலவை செய்வது எனக்கு மனப்பாடம் ஆயிற்று. ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புக்குள் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்த பிறகு தேய்த்துப் பளபளப்பாக்கின கத்தியை அதில் முக்கிப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் அதிகம், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கத்தி பார்க்கும் வேலை என்னுடையது. அப்பாவிடம் ஒரு பக்கம், அவரிடம் ஒரு பக்கம் கத்தியைத் தூக்கிக் காட்டுவேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு நான் வத்தலக்குண்டில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். செய்தி சொல்ல ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முதல் பேச்சு என்னவென்று அம்மாவிடம் கேட்டேன். "சுண்ணாம்பு நீத்திருச்சு, வேற வாங்கணுமான்னு கேட்டார்" என்றாள். அவ்வளவுதான்.

மலைவாழை இப்போது எப்படி இருக்கிறது?

பழைய காலம் மாதிரி இல்லை. விருப்பாச்சி, சிறுமலை இரண்டு மலைவாழைக்கும் 2008-09 வாக்கில் புவிசார் குறியீடு கிடைத்தது; பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் வேளாண் பல்கலைக்கழகமும் நோயில்லாத திசுவளர்ப்புக் கன்று தயாரித்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. அதைப் பார்க்க அவர் இருந்தார். ஓய்வு பெற்று வந்த ஒரு வருடம் எங்கள் தோட்டத்தில் பையில் இருந்த அந்தக் கன்றைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு சின்னதா!" என்றார். அவ்வளவு நாளும் அவர் கண்டதெல்லாம் முழங்கால் உயரக் கட்டைக் கன்று.

பிள்ளைகளே, கன்று வாங்குகிறவர்கள் ரசீதோடு வாங்குங்கள். மாமா வீட்டில் இருந்து எடுத்து வராதீர்கள்.

அவர் தவறே செய்ததில்லையா?

செய்திருக்கிறார். பிஎச்சி பவுடர். பூச்சி மருந்துத் தூள், வெள்ளையாக இருக்கும். அந்தக் காலத்தில் எல்லாப் பூச்சிக்கும் அதுதான். மேலிருந்து மூட்டையாக வரும். அவரும் வெறுங்கையால் அள்ளி, துணியில் முடிந்து, செடி மேல் தட்டிக் காட்டுவார், நாங்களும் தட்டுவோம். வீட்டில் பேனுக்குக்கூடத் தலையில் தேய்த்த தாய்மார்கள் உண்டு. 1997-இல் இந்தியாவில் அதைத் தடை செய்தார்கள். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அவர் வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வந்து, பழைய டப்பாக்களில் மிச்சம் வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் பார்த்தார். ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகியிருந்தது. யாரும் அவரை அனுப்பவில்லை.

புகையில்லா அடுப்பும் எங்கள் பக்கம் தோற்றுப்போனதுதான். குளிருக்குப் புகையும் வேண்டும், பரணில் கிடக்கும் விதைச் சோளத்துக்கும் புகை வேண்டும். அவர் போட்டுக் கொடுத்த அடுப்பைப் பலர் மறுமாதமே இடித்துவிட்டார்கள். ஒரு வீட்டில் புகைக்குழாயை எடுத்து ஊற்றுத் தண்ணீர்க்கு வாய்க்கால் போட்டிருந்ததைப் பார்த்து அவரே சிரித்திருக்கிறார்.

கோபமும் உண்டு. மானிய உரத்தை வாங்கி அப்படியே விற்றவர்களை நடுச்சந்தியில் வைத்து வைதிருக்கிறார். அதனால் அவரைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் இன்றைக்கும் நம் கூட்டத்துக்கு வருவதில்லை. வராவிட்டால் போகட்டும்.

பளியர் குடியிருப்புகளுக்கு அவர் என்ன செய்தார்?

பளியர் எங்கள் மலையின் பழங்குடி மக்கள். திட்டப்படி பார்த்தால் அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சொந்த நிலம் இல்லாதவருக்கு உரக் கடன் எப்படிக் கொடுப்பது? தேன், கடுக்காய், கிழங்கு என்று காட்டையும், பிறகு காப்பித் தோட்டக் கூலியையும் நம்பி இருந்தவர்கள் அவர்கள். அனுபவித்த காட்டுக்கு உரிமை கேட்க ஒரு சட்டம் வருவதற்கே 2006 ஆக வேண்டியிருந்தது. அவர் காலத்தில் ரேஷன் கார்டே பெரிய விஷயம்.

அவர் டைரியில் ஒரே குடியிருப்பின் ரேஷன் கார்டு மனு பற்றி ஒன்பது இடத்தில் குறிப்பு இருக்கிறது. முதல் குறிப்பில் மனு எழுதிக் கொடுத்தது. பிறகு வீட்டு எண் இல்லை என்று திரும்பியது. வீட்டு எண் போடச் சுவர் இல்லை, தட்டி வீடு. ஆகவே ஒரு பலகையில் எண் எழுதித் தொங்கவிட்டது. பலகையை மழை அடித்துக்கொண்டு போனது. மறுபடி பலகை. ஒன்பதாவது குறிப்பில் "கார்டு வந்தது, 7" என்று மட்டும் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது அந்த ஒன்பதுதான். பெரிய காரியம் செய்தவர் என்று பேசுகிறோமே, அவர் செய்ததெல்லாம் திரும்ப வந்ததுதான். ஒரு முறை சொல்லிவிட்டுப் போனவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

லஞ்சம் வாங்க மாட்டாரா?

பணம் வாங்கியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காப்பி குடிப்பார், வெல்லம் போட்ட மலைக்காப்பி. சீப்புப் பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். வாங்கி அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். அந்த ஊர்ப் பழத்தை எங்களுக்குக் கொடுப்பார். ஆக மொத்தம் பழங்கள்தான் ஊர் மாறின.

காந்திகிராமத்தில் படித்தவர் என்கிறார்களே?

படித்தவர் இல்லை, போய் வந்தவர். மலைக்குக் கீழே சின்னாளபட்டிப் பக்கம் 1947-இல் டாக்டர் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கியது காந்திகிராமம். 1956-இல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் வந்தது, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், மருத்துவர். 1952-இல் ஆத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்கும் 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போனவர், மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். எங்கள் அடிவார ஊர்களில் 'அம்மா' என்றால் அந்த அம்மாதான். சேவக் சார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "பேச்சு ஞாபகமில்ல, சாப்பிட்ட தட்டை அவங்கவங்களே கழுவணும்னாங்க" என்றார். அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் சாப்பிட்டாலும் தட்டை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு அது கடைசி வரை பிடிக்கவில்லை.

அவர் குடும்பம் ஏன் மலையில் இல்லை?

பிள்ளைகள் படிப்புக்காகக் கீழே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்வருவார், மழையில் பாதை சரிந்தால் அதுவும் இல்லை. அவருடைய மகள் ஒரு முறை என்னிடம், "எங்க அப்பா உங்களுக்குக் கிடைச்சார்" என்றார். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

சிலை வைக்கலாமே? பஸ் ஸ்டாப்புக்காவது பெயர் வைக்கலாமே?

மூன்று வருடமாக இந்தப் பேச்சு ஓடுகிறது. சிலைக்கென்று கொஞ்சம் பணமும் சேர்ந்தது. அந்தச் சமயத்தில் சாவடிக்குப் பக்கத்துச் சின்னப் பாலம் மழையில் இடிந்து, குதிரை இறங்க வழியில்லாமல் போயிற்று. பணத்தை எடுத்து அதைக் கட்டிவிட்டோம். பாலத்தில் பெயர் எழுதலாமா என்று ஒரு தரப்பு, வேண்டாம் என்று ஒரு தரப்பு. இன்னும் எழுதவில்லை. என் ஓட்டு வேண்டாம் என்பதற்கு.

நினைவு நாளுக்கு எப்படி வருவது? என்ன கொண்டுவரலாம்?

வத்தலக்குண்டிலிருந்து இரண்டு வழி. சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஒன்று. கொடைக்கானல் சாலையில் ஏறி ஊத்துப் பக்கம் பிரிந்து பண்ணைக்காடு வழியாக ஒன்று. இருட்டுவதற்குள் ஏறிவிடுங்கள், காட்டுமாடு சாலையில் நிற்கும். அப்படியே கொடைக்கானலும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே முதல் கேட்கிறார்கள்.

மாலை, சால்வை வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம். காலை பத்து மணிக்கு யாராவது ஒருவர் அந்த வருடம் தன் தோட்டத்தில் என்ன போயிற்று, என்ன வந்தது என்று பேசுவார், பிறகு மற்றவர்கள். பாட்டு, பட்டிமன்றம் கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு. தட்டை அவரவர் கழுவ வேண்டும்.

அவருடைய டைரியைப் பார்க்கலாமா?

கூட்டத்தன்று சாவடியில் வைத்திருப்போம். படம் எடுக்கலாம், எடுத்துப் போக முடியாது. மொத்தம் இருபத்திரண்டு இருக்கின்றன, நடுவில் சில வருடம் கரையான் தின்றுவிட்டது. பெரும்பாலும் ஒற்றை வரிதான்: எந்த ஊர், யாரைப் பார்த்தது, என்ன சொன்னது. இது மேலதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போடுகிற டைரி. பேச மறுத்தார், ஒத்துழைக்கவில்லை என்று அதில் ஒருவரைப் பற்றி எழுதிவிட்டால் மானியப் பட்டியலில் அவர் பெயர் அடிபட்டுப் போகும்.

அந்த நாலு வருடத்து டைரிகளில் எங்கள் வீட்டைத் தேடிப் பார்த்தேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒன்று விடாமல் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே வரிதான்.

"மழை. தோட்டத்துக்காரர் வீட்டில் இல்லை. பாப்பாவிடம் சொல்லி வந்தேன்."

அப்பா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.